ரிப்போர்ட்ல ஸ்டார் போட்டிருக்கே, டாக்டர்?

இந்த மாதம் ஆசிரியர் குழு எனக்கு அனுப்பிய கடிதக் கட்டில் பாதிக்கு மேல் கடிதமே இல்லை. லேப் ரிப்போர்ட்டை போனில் படம் எடுத்து, கீழே 'பார்த்துச் சொல்லுங்க டாக்டர்' என்று ஒரு வரி. வயது கிடையாது, என்ன தொந்தரவு என்று கிடையாது, கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தார் என்பதும் கிடையாது. 31 வருடம் கும்பகோணத்தில் ஒரு மாடியில் லேப் நடத்திய பேத்தாலஜிஸ்ட் நான். ஆளை விட்டுவிட்டு எண்ணை மட்டும் படிக்க எனக்கு அப்போதும் வராது, இப்போதும் வராது. அதனால் கதையோடு எழுதியவர்களுக்குத்தான் இந்த மாதம் பதில். மற்றவர்கள் கோபித்துக்கொள்ளாமல் இன்னொரு முறை எழுதுங்கள்.

வயது 34. நடுநிலைப் பள்ளி ஆசிரியை. ஒரு வருடமாக மாடி வகுப்புக்கு ஏறினாலே மூச்சு வாங்குகிறது. சீப்பை எடுத்தால் முடி கொத்தாக வருகிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, பல்பம் தின்ன ஆசை வருகிறது. பிள்ளைகளுக்குத் தெரியாமல் கடித்துவிடுகிறேன். ஹீமோகுளோபின் 10.4. 'நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்கு இது நார்மல்தான்' என்றார் மருந்துக் கடைக்காரர். ஆனால் ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்திருக்கிறது, சர்க்கரை ஆரம்பம் என்கிறார்கள். என் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. பயந்துபோய் சோற்றை நிறுத்திவிட்டு இரண்டு வேளையும் சப்பாத்தி சாப்பிடுகிறேன். களைப்பு மட்டும் போகவில்லை.
— ஆர்.எஸ்., அவிநாசி

பல்பத்துக்கு வெட்கப்படாதீர்கள். நீங்கள் அனுப்பிய மூன்று பக்க ரிப்போர்ட்டைவிட அந்த ஒரு வரிதான் எனக்கு அதிகம் சொன்னது. பல்பம், பச்சரிசி, சாம்பல், செங்கல் தூள், ஐஸ் கட்டி இவற்றில் எதையாவது வாய் தேடினால், உடம்பில் இரும்புச்சத்து வற்றியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். என் லேபுக்கு வரும் பெண்களிடம் ஊசி போடும்போதே பேச்சுவாக்கில் 'அரிசி அள்ளித் தின்பீங்களா?' என்று கேட்பேன். பாதிப் பேர் சிரிப்பார்கள். மாமியார் கூட வந்திருந்தால் பதிலை மாமியாரே சொல்லிவிடுவார்.

மருந்துக் கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தெருவில் பாதிப் பேருக்கு மேல் இருக்கும் விஷயம் பழகிப்போகத்தான் செய்யும். ஆனால் கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால் ரத்தசோகை, அவ்வளவுதான். நம்ம ஊருக்கென்று தனிக் கணக்கு இல்லை.

இப்போது அந்தத் தாளை எடுங்கள். ஹீமோகுளோபினோடு நிறுத்திவிடாமல் கீழே வாருங்கள். எம்சிவி 71 என்று இருக்கிறது. ஒரு சிவப்பணு எவ்வளவு பெரியது என்பதன் அளவு அது, 80க்கு மேல் இருக்க வேண்டும். உங்கள் அணுக்கள் குட்டி குட்டியாக இருக்கின்றன. ஆர்டிடபிள்யூ 18. அதாவது ஒரே அளவாக இல்லாமல் சின்னதும் பெரிதுமாகக் கலந்து கிடக்கின்றன. ஆர்பிசி, அதாவது சிவப்பணு எண்ணிக்கை, 4.5. எம்சிவியை ஆர்பிசியால் வகுத்தால் உங்களுக்கு 16க்குப் பக்கத்தில் வரும். எங்கள் லேபில் இந்தக் கணக்கைப் பென்சிலால் ஓரத்தில் போட்டு வைப்போம். 13க்குக் கீழே வந்தால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறைச் சுமப்பவராக இருக்கலாம் என்று சந்தேகம், மேலே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவின் பக்கம் தராசு சாயும். சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. ஆனால் தலசீமியா சுமக்கும் பெண்களுக்கு வருடக்கணக்காக இரும்பு மாத்திரை கொடுத்து 'ஏன் ஏறவே மாட்டேங்குது' என்று திட்டியதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வேண்டியது ஹீமோகுளோபின் ஏ2 பார்க்கும் ஒரு டெஸ்ட். வாழ்நாளில் ஒரு முறை எடுத்தால் போதும், கல்யாணத்துக்கு முன்போ கர்ப்பத்துக்கு முன்போ எடுத்தால் இன்னும் நல்லது. கணவன் மனைவி இருவருமே சுமப்பவர்களாக இருந்தால்தான் குழந்தைக்கு ஆபத்து.

உங்களுக்கு இன்னும் எடுக்காத ஒரு டெஸ்ட் ஃபெரிட்டின், உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பின் கணக்கு. ஹீமோகுளோபின் அடுப்பில் இருக்கும் சோற்றுப் பானை என்றால், ஃபெரிட்டின் உள்ளறையில் இருக்கும் குதிர். குதிர் காலியாகிக்கொண்டே வரும்போதும் பானை கொஞ்ச நாள் நிறைந்துதான் இருக்கும். அதனால்தான் ஹீமோகுளோபின் 12.3 இருக்கும் சிலருக்குக்கூட முடி கொட்டும், மூச்சு வாங்கும். ஃபெரிட்டின் 15க்குக் கீழே என்றால் குதிர் துடைத்து வைத்த மாதிரி. 30க்குக் கீழே இருந்தாலே பல மருத்துவர்கள் மருந்து தொடங்கிவிடுவார்கள். காய்ச்சல், சளி, வேறு தொற்று இருக்கும்போது மட்டும் எடுக்காதீர்கள். அப்போது அந்த எண் பொய்யாக ஏறிக் காட்டும்.

அடுத்து உங்கள் தூக்கத்தைக் கெடுத்த 6.1. ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் கணக்கு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. இரும்புச்சத்துக் குறைவில் அந்தக் கணக்கு தடுமாறும், சர்க்கரை இல்லாதவருக்குக்கூட எண் கொஞ்சம் ஏறும். ஆகவே இந்த நிலையில் உங்கள் 6.1ஐ நான் நம்ப மாட்டேன். அதற்காகக் கிழித்தும் போட மாட்டேன், அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதே. வெறும் வயிற்றில் ஒன்று, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து ஒன்று என நேரடியாக ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். வெறும் வயிற்றில் 100க்குள், 2 மணி நேரத்தில் 140க்குள் இருந்தால் நிம்மதியாக இருங்கள். ரத்தம் ஊறிய பிறகு ஹெச்பிஏ1சியைத் திரும்ப எடுக்கலாம். சப்பாத்தியால் ரத்தம் ஊறாது, சோறு சாப்பிடுங்கள்.

நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு: இரும்பு எங்கே போகிறது? மாதவிடாயின்போது ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? பத்து ரூபாய்க் காசு அளவுக்குக் கட்டி விழுகிறதா? ராத்திரி எழுந்து மாற்றுகிறீர்களா? 'எனக்கு எப்பவுமே அப்படித்தான்' என்பதை நான் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆமாம் என்றால் ஒரு வயிற்று ஸ்கேனும் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு டெஸ்ட்டும் பார்க்க வேண்டும். மூலத்தில் ரத்தம் போகிறதா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதில் அர்த்தமில்லை.

இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு விழுங்கலாம். காபி, டீ, பாலோடு வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், அப்படியும் உடம்பு நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும். ஹீமோகுளோபின் 12 ஆனவுடன் மாத்திரையைத் தூக்கி அலமாரியில் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. குதிர் நிரம்ப அதற்குப் பிறகும் 3 மாதம் வேண்டும்.

வயது 28, ஐ.டி. வேலை. ஜனவரியில் டிஎஸ்ஹெச் 2.1. இப்போது 0.04, ஃப்ரீ டி4 என்ற தைராய்டு ஹார்மோன் அதிகம். 'ஹைப்பர் தைராய்டு, மாத்திரை ஆரம்பிக்கணும்' என்றார்கள். எனக்கோ படபடப்பு இல்லை, எடை குறையவில்லை, கை நடுக்கம் இல்லை. நாடித் துடிப்பு 76. முடி கொட்டுவதற்காக மட்டும்தான் டெஸ்ட்டே எடுத்தேன்.
— கே.வி., வேளச்சேரி

முடி கொட்டுவதற்கு டெஸ்ட் எடுப்பதற்கு முன்னால் என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்? நிச்சயம் ஒரு மாத்திரையோ, 'கம்மி' என்று விற்கும் மெல்லும் மிட்டாயோ இருக்கும். டப்பாவைத் திருப்பி 'பயோட்டின்' என்ற வைட்டமினைத் தேடுங்கள். ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம். முடிக்கென்று விற்கும் மாத்திரையில் 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று இருக்கும். 10 மில்லிகிராம் என்றால் 10,000 மைக்ரோகிராம், வேண்டியதைப்போல 300 மடங்குக்கும் மேல்.

இதனால் தைராய்டு கெடாது. கெடுவது டெஸ்ட்தான். தைராய்டு பார்க்கும் பல மெஷின்களில் பயோட்டினையே பசை மாதிரிப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் ரத்தத்திலும் பயோட்டின் வழிந்தால் அது போய் அந்தப் பசையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். விளைவு, டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறைவு, டி4 பொய்யாக அதிகம். தாளைப் பார்த்தால் அசல் ஹைப்பர் தைராய்டு. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017லேயே இதைப் பற்றி எச்சரித்தது. எல்லா மெஷினிலும் இந்தக் கோளாறு கிடையாது, ஆகவே உங்கள் லேபில் கேளுங்கள்.

நல்ல வேளை, நாடியை எண்ணிப் பார்த்திருக்கிறீர்கள். அந்த 76ம் குறையாத எடையும்தான் உங்களைக் காப்பாற்றின. முடி மாத்திரையை நிறுத்தி, குறைந்தது 3 நாள் கழித்து (நான் ஒரு வாரம் விடச் சொல்வேன்) டிஎஸ்ஹெச், ஃப்ரீ டி4 இரண்டையும் திரும்ப எடுங்கள். அப்போதும் 0.04தான் என்றால் தைராய்டு மருத்துவரிடம் போக வேண்டியதுதான். அதுவரை புது மாத்திரை எதையும் தொடாதீர்கள்.

முடி ஏன் கொட்டியது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது, பாருங்கள். மேலே ஆசிரியைக்கு எழுதியதைப் படியுங்கள். ஃபெரிட்டின்.

என் மகளுக்கு 16 வயது. பெரியவளாகி இரண்டரை வருடம் ஆகிறது. 40, 45 நாளுக்கு ஒரு முறை தலைக்கு ஊற்றுவாள். பரீட்சை நேரத்தில் ஒரு தடவை 95 நாள் வரவே இல்லை. ஸ்கேனில் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) என்று வந்தது. 'ஹார்மோன் பேக்கேஜ்' என்று 14 டெஸ்ட். ஏஎம்ஹெச் அதிகம், புரோலாக்டின் 68. மூளைக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார்கள். அவள் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. குழந்தை பிறக்குமா டாக்டர்?
— பெயர் வேண்டாம், மன்னார்குடி

முதலில் புரோலாக்டின். மூளையடிச் சுரப்பியிலிருந்து வரும், பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் அது. பிள்ளைக்குப் பரீட்சை நேரத்தில் வயிறு எரிச்சல், நெஞ்செரிச்சல் என்று கேஸ் மாத்திரை கொடுத்தீர்களா? காலையில் வெறும் வயிற்றில் போடச் சொல்லும் மாத்திரைகளில் பல, பேன்டோபிரசோலோடு டோம்பெரிடோன் கலந்தவை. வாந்தியை அடக்கும் அந்த டோம்பெரிடோன் புரோலாக்டினைக் கிடுகிடுவென்று ஏற்றும். மாதவிடாயையும் தள்ளிப்போடும். லெவோசல்பிரைடு கலந்த மாத்திரையும் அப்படித்தான். அட்டையில் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுப் பாருங்கள்.

இருந்தால், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மூன்று நான்கு நாள் கழித்துத் திரும்ப எடுங்கள். தூங்கி எழுந்த கையோடு ஓட வேண்டாம், எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் ஆகட்டும். லேபுக்குப் போனதும் கால் மணி நேரம் சும்மா உட்காரட்டும். ஊசியைப் பார்த்துப் பயந்தாலே புரோலாக்டின் ஏறும். என் லேபில் இந்த டெஸ்ட்டுக்கு வரும் பெண்களை வராந்தாவில் பழைய மர பெஞ்சில் உட்கார வைத்து, வாரப் பத்திரிகை ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவோம். 'எடுக்காம ஏன் உட்கார வச்சிருக்கீங்க' என்று சண்டைக்கு வருவார்கள், வரட்டும். இவ்வளவுக்கும் பிறகு அதிகமாகவே இருந்தால் எம்ஆர்ஐ பேச்சை எடுக்கலாம்.

அடுத்து அந்த பிசிஓடி. பெரியவளாகி ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் 21 முதல் 45 நாளுக்கு ஒரு முறை வருவது இயல்பு. அந்த வயதில் சினைப்பையில் குட்டி நீர்ப்பைகள் நிறைய இருப்பதும், அவற்றிலிருந்து வரும் ஏஎம்ஹெச் ஹார்மோன் அதிகம் இருப்பதும் இளமையின் லட்சணம். இதனால்தான் பெரியவளாகி 8 வருடம் ஆகும் வரை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் (பிசிஓடியின் இன்னொரு பெயர்) என்று முடிவு கட்டக் கூடாது என்கிறது சர்வதேச வழிகாட்டி நெறி. 2023இல் அதைப் புதுப்பித்தபோது, பெரியவர்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக ஏஎம்ஹெச் பார்க்கலாம் என்றார்கள், இந்த வயதுப் பெண்களுக்கு அதுவும் வேண்டாம் என்றார்கள். பெண்பிள்ளைகளிடம் பார்க்க வேண்டியவை இரண்டு, இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும்: ஒழுங்கில்லாத மாதவிடாய், ஆண் ஹார்மோன் அதிகம் இருப்பதன் அடையாளம். மோவாயிலும் மார்பிலும் கருகரு முடியா, மருந்துக்கு அடங்காத பருவா? இதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் 14 டெஸ்ட் எடுத்தாகிவிட்டது!

அந்த 95 நாளை நான் லேசாக விட மாட்டேன். 90 நாளைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும் என்பது விதி. கேஸ் மாத்திரை காரணமாக இருக்கலாம், எடை ஏறியது இறங்கியது இருக்கலாம். தேவையான டெஸ்ட்கள் கைவிரலுக்குள் அடங்கும்: டிஎஸ்ஹெச், திரும்ப ஒரு புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன், காலை வேளையில் 17 ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் (அட்ரினல் சுரப்பிக் கோளாறா என்று பார்க்க). எடை அதிகமாக இருந்தாலோ கழுத்தில் கறுப்புப் படலம் இருந்தாலோ குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் டெஸ்ட். இன்சுலின் அளவெல்லாம் வேண்டாம், அதை வைத்து யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. மருத்துவர் பிள்ளையிடம் தனியாக நாலு வார்த்தை பேச வேண்டும் என்றால் எழுந்து வெளியே போங்கள். மாதவிடாய் தள்ளிப்போன எந்தப் பெண்ணிடமும் சில கேள்விகளைக் கேட்பது எங்கள் வேலை, உங்கள் வளர்ப்பின் மேல் சந்தேகம் கிடையாது.

குழந்தை பிறக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அசல் பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கே பிறக்கிறது. 16 வயதுப் பிள்ளையிடம் அந்தக் கேள்வியை இறக்கி வைக்காதீர்கள். அவள் அப்பாவிடம் தாராளமாகச் சொல்லலாம்.

என் மனைவிக்கு 41 வயது. கம்பெனியில் கொடுத்த சலுகையில் மாஸ்டர் செக்கப் எடுத்தோம். சிஏ 125 என்ற கேன்சர் டெஸ்ட் 62 என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. பத்து நாளாக வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.
— எம்.பி., சிவகாசி

உங்கள் மனைவியிடம் போனில் இரண்டே கேள்விதான் கேட்டேன். ரத்தம் கொடுத்த அன்று மாதவிடாயா? 'ரெண்டாவது நாள்' என்றார். மாதாமாதம் வலி உண்டா? 'கல்லூரிக் காலத்திலிருந்து சுருண்டு படுப்பேன்' என்றார். இந்த இரண்டையும் செக்கப் கவுன்ட்டரில் யாரும் கேட்கவில்லை.

சிஏ 125க்கு 35 என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். மாதவிடாயின்போது அது ஏறும். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு வெளியே வளர்வது), கர்ப்பப்பைக் கட்டி, இடுப்புக்குழித் தொற்று, வயிற்றுக் காசநோய், ஆரம்பக் கர்ப்பம் எல்லாவற்றிலும் ஏறும். இன்னொரு பக்கம், சினைப்பைப் புற்றுநோய் ஆரம்பக் கட்டத்தில் இருக்கும்போது ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது ஏறுவதே இல்லை. தொந்தரவு ஏதும் இல்லாத பெண்ணுக்கு இதைத் துழாவிப் பார்க்கும் டெஸ்ட்டாக எடுப்பதில் பிரயோஜனம் இல்லை. வியாபாரத்துக்குப் பிரயோஜனம் உண்டு. ஏற்கெனவே நோய் உள்ளவர் சிகிச்சையில் எப்படி இருக்கிறார் என்று பார்க்க நல்ல டெஸ்ட்.

நார்மல் என்று ரிப்போர்ட்டின் வலதுபக்கம் அச்சடித்திருக்கும் எல்லைகளில் பெரும்பாலானவை எப்படி வந்தன தெரியுமா? ஆரோக்கியமான 100 பேரை வரிசையில் நிற்க வைத்து, நடுவில் இருக்கும் 95 பேரை எடுத்துக்கொண்டு, இரண்டு ஓரத்திலும் சேர்த்து 5 பேரைக் கழித்துவிடுவார்கள். அந்த 5 பேரும் ஆரோக்கியமானவர்கள்தான். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், ஒரு நோயும் இல்லாத 100 பேரில் 64 பேருக்கு எங்காவது ஒரு ஸ்டார் விழும். உங்கள் மனைவியின் பேக்கேஜில் 72 டெஸ்ட்.

செய்ய வேண்டியது இதுதான். மகப்பேறு மருத்துவரிடம் போய், சிஏ 125 பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த 20 வருட வலியைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு நல்ல ஸ்கேன் எடுக்கட்டும். எண்டோமெட்ரியோசிஸாகவோ, அந்தச் சவ்வு கர்ப்பப்பைச் சுவருக்குள் வளரும் அடினோமயோசிஸாகவோ இருந்தால் அதற்கு மருந்து இருக்கிறது, மாதம் மூன்று நாள் சுருண்டு படுக்க வேண்டியதில்லை. வயிறு உப்பிக்கொண்டே இருப்பது, இரண்டு வாய்க்கே நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர், அடிவயிற்று வலி என்று புதிதாகத் தொடங்கி வாரக்கணக்கில் நீடித்தால் மட்டும் எந்த எண்ணையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள்.

செக்கப் என்று ஆசைப்பட்டால், அந்த வயதுக்கு நான் கேட்பது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை: ஹெச்பிவி டெஸ்ட், இல்லாவிட்டால் பேப் ஸ்மியர். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் பரிசோதனை இலவசம். 72 டெஸ்ட்டில் இது இருந்ததா என்று பாருங்கள். இருக்காது.

48 வயது. மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. திடீரென்று உடம்பெல்லாம் தீ மாதிரி. மெனோபாஸா என்று பார்க்க எஃப்எஸ்ஹெச் ஹார்மோன் டெஸ்ட் எடுக்கவா?
— ஜி.எல்., நாகர்கோவில்

வேண்டாம். 45க்கு மேல் இந்தக் கதையே போதும். எஃப்எஸ்ஹெச் இந்தக் காலத்தில் இந்த மாதம் ஏறும், அடுத்த மாதம் இறங்கும். டிஎஸ்ஹெச், ஹீமோகுளோபின், சர்க்கரை பாருங்கள். சிரிக்காமல் கேளுங்கள், ஒரு யூரின் பிரெக்னன்சி டெஸ்ட்டும் எடுங்கள். முழுசாக 12 மாதம் நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அது மாதவிடாய் இல்லை, தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

டாக்டரம்மா, எனக்கு 23 வயசு. ஜவுளிக் கடையில் சேலை செக்ஷன். ஆறு மாசத்தில் நாலு தடவை யூரின் போனா எரிச்சல். ஒவ்வொரு தடவையும் மெடிக்கல்ல மூணு நாள் மாத்திரை வாங்கிப் போட்டேன். இப்ப கல்ச்சர் டெஸ்ட்ல 'மிக்சட் குரோத், திரும்ப சாம்பிள் கொடுக்கவும்'னு வந்திருக்கு. ஆயிரம் ரூபா வேஸ்ட்டா?
— பி., திருநெல்வேலி

வேஸ்ட்தான் அம்மாடி, ஆனால் தப்பு உன்னுடையது இல்லை. 'மிக்சட் குரோத்' என்றால் பல கிருமிகள் கலந்து வளர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். ஒரு டப்பாவைக் கையில் கொடுத்து 'பிடிச்சுட்டு வா' என்று அனுப்பியிருப்பார்கள். எப்படிப் பிடிப்பது என்று சொல்லியிருக்க மாட்டார்கள். கடைசி மாத்திரை போட்டு எத்தனை நாள் ஆயிற்று என்றும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த முறை இப்படிச் செய். எரிச்சல் தொடங்கிய அன்றே, மாத்திரை எதையும் போடுவதற்கு முன்னால் போ. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. உறுப்பை வெறும் தண்ணீரால் முன்னாலிருந்து பின்னால் கழுவித் துடை. டப்பா மூடியின் உள்பக்கம் விரல் படக் கூடாது, மூடியைக் கவிழ்த்து வைக்காதே. இதழ்களை ஒரு கையால் விலக்கிக்கொள். முதலில் வருவதைக் கீழே விடு, நடுவில் வருவதை டப்பாவில் பிடி, மீதியைக் கீழே விடு. ரெண்டு மணி நேரத்துக்குள் லேபில் இருக்க வேண்டும், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைத்துக் கொண்டு போ. பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டு சாயங்காலம் கொடுத்தால், வழியில் குட்டி போட்ட கிருமிக்கெல்லாம் நீ காசு கொடுக்க வேண்டும். ரிப்போர்ட்டில் 'எபிதீலியல் செல்ஸ் பிளென்ட்டி' என்று இருந்தாலே தோல் பக்கத்து அழுக்கு கலந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரே கிருமி லட்சக்கணக்கில் வளர்ந்தால், எந்த மருந்துக்கு அது சாகும் என்று கீழே ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலுக்காகத்தான் கல்ச்சரே எடுப்பது. நாலு தடவை அரைகுறையாகப் போட்ட மருந்துக்கு அது இப்போது சாகுமா என்பதும் அதில்தான் தெரியும். ஒன்றுமே வளராமல் எரிச்சல் மட்டும் இருந்தால், வெள்ளைப்படுதல், அரிப்பு இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். அது வேறு கோளாறு, வேறு மருந்து. கூடவே ஒரு சர்க்கரை டெஸ்ட்.

ஜவுளிக் கடை என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. நீ தண்ணீர் குடிக்க மாட்டாய். குடித்தால் போக வேண்டும், போனால் மேற்பார்வையாளர் முறைப்பார். தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்தினார்கள். நாற்காலி வந்ததா? நாலு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது எழுந்து போ. முறைத்தால் முறைக்கட்டும்.

மேடம், நான் மதுரையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் ஹோம் கலெக்ஷன் வேலை பார்க்கிறேன். காலையில் 9 மணிக்குள் 16 வீடு. போன வாரம் நல்லா நடமாடுற ஒரு அம்மாவுக்கு பொட்டாசியம் 7.1னு வந்து, நடு ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்காங்க. அங்க எடுத்தா 4.2. என் மேல பழி. நான் என்ன தப்பு செஞ்சிருப்பேன்?
— ஒரு டெக்னீஷியன்

கால்சியம் எவ்வளவு வந்தது என்று பார்த்தாயா? அதுவும் பாதாளத்தில் இருந்தால், ஊதா மூடி ட்யூபிலிருந்து மஞ்சள் மூடிக்கு ரத்தத்தை ஊற்றியிருக்கிறாய், அல்லது ஊதாவை முதலில் எடுத்திருக்கிறாய். ஊதாவுக்குள் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் இடிடிஏவில் பொட்டாசியம் உண்டு, அது கால்சியத்தையும் கவ்விக்கொள்ளும். கால்சியம் சரியாக இருந்தால், சிரிஞ்சை வேகமாக இழுத்தோ ட்யூபைக் குலுக்கியோ அணுக்களை உடைத்திருப்பாய், இல்லாவிட்டால் மதுரை வெயிலில் வண்டிப் பெட்டியில் நேரம் போயிருக்கும். சர்க்கரைக்குச் சாம்பல் மூடியைத்தான் பயன்படுத்து. மஞ்சளில் பிரிக்காமல் விட்டால் ஒரு மணி நேரத்துக்கு 5, 7 சதவீதம் என்று சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும்.

பழி என்றாயே, ஒன்று சொல்கிறேன். 1996இல் ஒரு திங்கட்கிழமை எங்கள் லேபுக்கு இரண்டு மகேஸ்வரிகள் வந்தார்கள். ஒருத்தருக்குச் சர்க்கரை 284, இன்னொருத்தருக்கு 88. தாள் மாறிப் போய்விட்டது. 88காரர் வீட்டில் மூன்று நாள் யாருக்கும் காபியில் சர்க்கரை இல்லை. 284காரர் சந்தோஷமாகப் பால்கோவா வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். புதன்கிழமை கண்டுபிடித்து, நானே பஸ் ஏறி வலங்கைமான் தாண்டி அவர் வீட்டுக்குப் போனேன். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, மோர் கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் லேபில் பெயரோடு வயதும், அப்பா அல்லது கணவர் பெயரும் கேட்காமல் ஊசியைப் பிரிக்க மாட்டோம்.

16 வீடு முடியாது என்று மேலிடத்தில் சொல்லிப் பார். ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தெரியும். குறைந்தபட்சம் ட்யூபில் பெயரை அந்த அம்மாவின் கண் முன்னாலேயே எழுது. வண்டியில் போய் உட்கார்ந்து எழுதாதே.